மூக்குத்தண்டு ஆபரேஷனும் நான் கோட்டைவிட்ட 84,000 ரூபாயும்

போன வீடியோவுல என் குரல் அடைச்ச மாதிரி இருக்குன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சளி இல்லைங்க. மூக்குத்தண்டு வளைவுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, இளையரசனேந்தல்ல அம்மா வீட்ல இருந்தபடி எடுத்த வீடியோ அது. செலவு 84,000 ரூபாய். முழுசும் கைக்காசு. ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் பத்திப் பேசுற ஆடிட்டர், தன் மூக்குக்குக் கிளெய்ம் வாங்க முடியல. சிரிச்சுக்கோங்க, ஆனா முழுசாப் படிச்சிட்டுச் சிரிங்க.

இது ஒரு அபூர்வமான வியாதியும் இல்ல. ரெண்டு நாசித் துவாரத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர், பாதி குருத்தெலும்பு, பாதி எலும்பு. அது கொஞ்சமாவது ஒரு பக்கம் சாஞ்சிருக்கிறவங்கதான் அதிகம். தொந்தரவு இல்லைன்னா யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. எனக்கு இடது பக்கம் முக்கால்வாசி அடைப்பு, ராத்திரி வாயாலதான் மூச்சு. 2021ல சென்னையில வேலை பார்த்தப்பவே ஸ்கேன் எடுத்துட்டு டாக்டர் சொன்னார்: "ஸ்ப்ரே போட்டுப் பாருங்க, சரியாகலைன்னா ஆபரேஷன், அவசரம் இல்ல."

அந்த "அவசரம் இல்ல"ங்கிற வார்த்தையைத்தான் நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். உடம்புக்கு அவசரம் இல்ல, சரி. ஆனா அன்னிக்கு எனக்குக் கம்பெனியோட குரூப் பாலிசி இருந்துச்சு. பெரும்பாலான குரூப் பாலிசிகள்ல வெயிட்டிங் பீரியட் கிடையாது, சேர்ந்த நாள்ல இருந்தே எல்லாத்துக்கும் கவர். எனக்கும் அப்படித்தான். நாலு நாள் லீவு போட யோசிச்சு யோசிச்சு மூணு வருஷம் ஓட்டினேன். 2024ல வேலையை விட்டுட்டு கோவில்பட்டியில சொந்தமா ஆபீஸ் போட்டேன். அப்புறம்தான் தனியா பாலிசி எடுத்தேன்.

தனிநபர் பாலிசியில நிலைமை வேற. காது மூக்கு தொண்டைப் பிரச்சினை, கண்புரை, குடலிறக்கம் மாதிரி ஒரு பட்டியலுக்குத் தனியா வெயிட்டிங் பீரியட் உண்டு. எல்லாக் கம்பெனியும் விக்கிற ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலேயே இந்த வகை நோய்களுக்கு 24 மாசம். ஏற்கனவே இருக்கிற நோய்னா ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024ல வச்ச உச்சவரம்பு 36 மாசம். ஒரே நோய் ரெண்டுலயும் வந்தா, எது நீளமோ அதுதான். என் மூக்கு ரெண்டுலயும் வந்துச்சு.

பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் சொன்னார்: "சார், மூக்கு மேட்டரை ஃபார்ம்ல எழுதாதீங்க, யாரு பார்க்கப் போறா?" எழுதினேன். நேர்மைக்காக மட்டும் இல்ல. 2021 ஸ்கேன்ல என் பேர் இருக்கு, தேதி இருக்கு. தொடர்ந்து 60 மாசம் பாலிசி ஓடுற வரைக்கும், மறைச்ச விஷயத்தைக் காட்டிக் கிளெய்மை மறுக்க கம்பெனிக்கு வழி இருக்கு. பாலிசியையே ரத்து செய்யலாம். மூக்குக்காகப் பொய் சொல்லி, நாளைக்கு நெஞ்சுவலின்னு போய்ப் படுக்கும்போது மாட்டிக்கணுமா?

2027 வரைக்கும் காத்திருக்கலாம்னுதான் நினைச்சேன். தூக்கம் கெட்டு, பகல்ல பேலன்ஸ் ஷீட் முன்னாடி கொட்டாவி விட்டு, ஒரு கட்டத்துல போதும்னு மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில பண்ணிக்கிட்டேன். முழு மயக்கம், ஒரு மணி நேரம் போல, எல்லாம் உள்பக்கமாவே, வெளிய ஒரு தழும்பு கிடையாது. வலி நினைச்ச அளவு இல்ல. மூக்குல பஞ்சடைச்ச முதல் ராத்திரிதான் நரகம். சோறு ருசியே தெரியாது, தொண்டை வறண்டு போகும். ஒரு வாரம் உள்ள சிலிக்கான் தகடு. மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். அம்மா "எய்யா, கொஞ்சம் ஆவி பிடிச்சிட்டுப் படுப்பா"ன்னு சட்டியோட வந்து நிக்கிறாங்க, டாக்டர் சூடே ஆகாதுன்னு சொல்லியிருக்கார். தகட்டை எடுத்ததும் இடது பக்கமா ஜில்லுனு காத்து இறங்குச்சு பாருங்க. அலர்ஜி அப்படியேதான் இருக்கு, ஸ்ப்ரேயும் தொடருது. அதை இந்த ஆபரேஷன் சரி பண்ணாது.

வரியிலயாவது கழிக்கலாமான்னு கேப்பீங்க. 80டியில கழிக்கிறது பிரீமியத்தை, அதுவும் பழைய முறையில மட்டும். என் வயசுக்காரன் கட்டின ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு ரூபாய்கூட இல்ல.

உங்ககிட்ட கம்பெனி பாலிசி இருக்கா? டாக்டர் ஆபரேஷன் தேவைன்னு சொல்லியிருந்தா, வேலை மாறுறதுக்கு முன்னாடி பண்ணிடுங்கன்னுதான் சொல்வேன். ரூம் வாடகை வரம்பை மட்டும் பார்த்துக்கோங்க. வரம்பு நாளைக்கு 3,000, நீங்க எடுத்த ரூம் 6,000ன்னு வைங்க. வாடகையில மட்டும் பாதி வெட்டுவாங்கன்னு நினைக்காதீங்க, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜும் பாதியாகும். ரெண்டு நாள் வாடகை 12,000, டாக்டர், தியேட்டர் 50,000, மருந்து, டெஸ்ட் 18,000, மொத்தம் 80,000 பில்லுல 49,000தான் வரும். மருந்துக்கும் டெஸ்டுக்கும் இந்த வெட்டு கிடையாதுங்கிறதால அவ்வளவாவது வருது. அப்புறம், மூக்கோட வெளித்தோற்றத்தையும் சேர்த்துத் திருத்தினா அந்தப் பகுதி அழகு சிகிச்சைக் கணக்குல போயிடும், பணம் வராது.

சம்பளம் 21,000க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ பிடிச்சாங்கன்னா, அந்தக் கார்டைத் தூக்கிப் போடாதீங்க. அங்க இந்த 24 மாசக் கணக்கே கிடையாது.

நான் பண்ணின இன்னொரு தப்பைச் சொல்லியே ஆகணும். வேலையை விடும்போது குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்டிருக்கலாம். ஏத்துக்கிறது அவங்க முடிவு. ஆனா ஏத்துக்கிட்டா, குரூப்புல இருந்த வருஷங்கள் வெயிட்டிங் பீரியட்ல கழியும். எனக்கு அஞ்சு வருஷம் இருந்துச்சு. ஹெச்ஆர் மெயில்லயே அந்த வரி இருந்திருக்கு, பி.எஃப் விவரத்துக்குக் கீழே. போன வாரம்தான் தேடிப் படிச்சேன். பெரும்பாலும் கடைசி வேலை நாளோட கவர் முடிஞ்சிடும், அதனால நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவங்க இன்னிக்கே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.