மெய்ப்பும் ஒரு 'சரி'யும்

பர்கூரில் துணிக்கடைகளுக்கு இருக்கும் பெயர் அச்சகங்களுக்கு இல்லை. ஆயினும் திருமண அழைப்பிதழும் கல்லூரி மலரும் அச்சேறித்தானே ஆகவேண்டும்? முன்பெல்லாம் மெய்ப்புத் தாளோடு அச்சகப் பையன் வந்து நிற்பான். சிவப்பு மையால் திருத்தி, 'அச்சிடலாம்' என்று கையொப்பமிட்டுத் தருவோம். இன்று பிடிஎஃப் கோப்பு கைபேசிக்கு வந்துவிடுகிறது. நாமும் பேருந்தில் நின்றபடியே 'சரி' என்று தட்டிவிடுகிறோம்.

எமது துறை மலருக்கு நேர்ந்ததும் அதுதான். யூனிகோடில் நாம் தந்ததை அச்சகத்தார் தம் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தனர். மாற்றத்தில் 'ஸ்ரீ' தொலைந்து, தன் முதல் கவிதையை அச்சில் காணக் காத்திருந்த மாணவியின் பெயர் ஒரு வெற்றுக் கட்டத்தோடு தொடங்கியது. கேட்டபோது, "நீங்கள்தானே ஐயா சரி என்றீர்கள்?" என்றார்கள். மறுக்க வழியில்லை. யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக ஏற்றதை அங்கே பேசி என்ன பயன்!

கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சென்னை சென்று சிந்தாமணியை அச்சிட்டு 1887இல் வெளிக்கொணர்ந்தார் உ.வே.சா. நமக்கோ பக்கத்துத் தெரு அச்சகமே தொலைவாகிவிட்டது.

அச்சகத்தாரின் அவசரமும் குறையே. ஆனால் விரலகலத் திரையில் பார்ப்பது படிப்பதாகாது என்பது எம் கருத்து. அடுத்த மலருக்குக் கோப்பைத் தாளில் எடுத்து, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் ஒப்பிடுவதென்று முடிவு செய்துள்ளோம். பெயர்ப் பட்டியலை இருமுறை. அந்த மாணவியின் பிரதியில் மட்டும் 'ஸ்ரீ'யைப் பேனாவால் எழுதிக் கொடுத்தோம்.