கட்டடக் கல்வியும் வேலைக் களமும்

பட்டப் படிப்பின் உள்ளேயே தொழிற்பயிற்சியையும் ஓர் அங்கமாகச் சேர்த்து நடத்துவதற்கான வழிமுறைகளைச் சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2025-ம் வருஷத்தில் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2018-ல், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்ஸில் தனது மாதிரிப் பாடத்திட்டத்தில் இஞ்சினீயரிங் மாணவர்களுக்குத் தொழிலனுபவத்தைச் சேர்த்திருந்தது. கொள்கையளவில் இரண்டும் வரவேற்கத் தக்கவையே. ஆனால் காகிதத்தில் எழுதிய கொள்கை காரியத்தில் எவ்வாறு நடைபெறப் போகிறதென்பதுதான் கேள்வி. இது எல்லாப் படிப்புக்கும் பொதுவான கேள்வியாயினும், கட்டட நிர்மாண இஞ்சினீயரிங் விஷயத்தில் உயிர் சம்பந்தமான கேள்வியாகிவிடுகிறது. தறியில் பிசகு நேர்ந்தால் நூல் அறும். கட்டடத்தில் பிசகு நேர்ந்தால் குடியிருப்போர் தலையில் கூரை விழும். ஆதலால் அதை இன்று தனியே எடுத்து ஆராய விரும்புகிறோம்.

கட்டடத்தின் வடிவத்தையும் அழகையும் வகுப்பவர் சிற்பி. பாரத்தைக் கணக்கிட்டுத் தூணையும் உத்திரத்தையும் அமைப்பவர் சிவில் இஞ்சினீயர். இவ்விருவருக்கும் நடுவே நின்று, கட்டடத்தின் பலம், காற்றோட்டம், வெளிச்சம், உஷ்ணம், தண்ணீர், மின்சாரம், தீப்பாதுகாப்பு ஆகிய யாவும் ஒன்றோடொன்று முரண்படாமல் இணைவதைக் கவனிப்பவரே கட்டட நிர்மாண இஞ்சினீயர். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலை 1890-களின் தொடக்கத்திலேயே இதைத் தனிப் பாடமாக வகுத்தது. பலருடைய வேலையை ஒன்றுசேர்ப்பதே இவருடைய வேலையாதலால், அப்பலரும் எவ்வாறு வேலை செய்கிறார்கள் என்று நேரில் காணாத ஒருவர் இத்தொழிலில் தேர்ச்சி பெறுவது அரிது. குழாய் போகும் வழியில் கம்பி நிற்பது வரைபடத்தில் தெரிவதில்லை. சாரத்தின்மேல் நிற்கும் மேஸ்திரிக்குத்தான் தெரிகிறது.

வரைபடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே விழும் பிளவு எத்தகைய விபரீதத்தை விளைவிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1981-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி அமெரிக்காவிலுள்ள கான்ஸாஸ் ஸிட்டி நகரில், ஹையட் ரீஜென்ஸி ஹோட்டலின் கூடத்துக்குமேல் தொங்கிக் கொண்டிருந்த இரண்டு நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் மாண்டனர். முதலில் வகுத்த ஏற்பாட்டின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பிகளில் நாலாவது மாடிப் பாலமும் அதற்குக் கீழே இரண்டாவது மாடிப் பாலமும் தொங்க வேண்டும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டுவது கஷ்டமென்று கருதி, இரும்புப் பட்டறையில் கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து தொங்கிற்று. கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து தொங்கிற்று.

உறியில் பானை கட்டியறிந்த எந்தக் கிழவிக்கும் இதன் வித்தியாசம் விளங்கும். ஒரே கயிற்றில் இரண்டு பானைகளைத் தனித்தனி முடிச்சில் தொங்கவிட்டால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு பானையைத் தாங்கும். கீழ்ப் பானையை மேல் பானையின் வளையத்தில் கட்டினால் மேல் முடிச்சு இரண்டையும் தாங்க வேண்டும். பாரம் இரட்டித்தது. மாறுதலைக் காட்டிய பட்டறை வரைபடம் இஞ்சினீயர் ஆபீஸின் அங்கீகார முத்திரையுடன் திரும்பிற்று. பூர்வ ஏற்பாடுகூட நகரச் சட்டம் கோரிய பலத்தில் சுமார் 60 சதவிகிதமே உடையதாயிருந்ததென்று அமெரிக்க சர்க்காரின் நிபுணர்கள் பின்னர் கண்டனர். பொறுப்பாளிகளான இஞ்சினீயர்களின் லைசென்ஸ் பறிக்கப்பட்டது. அவர்கள் அனுபவமற்ற இளைஞர்களல்லர்; சில மாதம் பட்டறையில் வேலை பார்த்தால் எல்லாப் பிழையும் நீங்கிவிடுமென்று நாம் வாதிக்கவுமில்லை. ஆனால் பட்டறைக்காரன் ஏன் வரைபடத்தை மாற்றுகிறான் என்பதை இளமையிலேயே பக்கத்தில் நின்று பார்த்தவன், மாற்றிய காகிதத்தில் முத்திரையிடுமுன் ஒரு கேள்வி கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே தொழிலனுபவம் வேண்டுமென்கிறோம்.

இவ்வுண்மையை முதலில் முறையாகப் பற்றியவர்களுள் ஹெர்மன் ஷ்னைடர் ஒருவர். அவர் அமெரிக்காவின் ஸின்ஸினாட்டி சர்வகலாசாலையில் 1906-ம் வருஷம் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். மாணவர்களை ஜோடிகளாகப் பிரித்தார். ஒருவன் வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றவன் தொழிற்சாலையில் இருப்பான். மறு வாரம் இடம் மாறுவார்கள். முதலாளிக்கு ஆள் குறைவதில்லை. மாணவனுக்குப் படிப்பும் தடைப்படுவதில்லை. முக்கியமான அம்சம் வேறு: மாணவன் செய்த வேலைக்குக் கூலி கொடுக்கப்பட்டது. கனடாவில் 1957-ல் பிறந்த வாட்டர்லூ சர்வகலாசாலை இம்முறையின்மேலேயே தன்னை அமைத்துக் கொண்டது. 2018-ல் அங்கே கட்டட நிர்மாண இஞ்சினீயரிங் பட்டமும் தொடங்கிற்று. நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறிச் சென்று, சுமார் ஐந்து வருஷத்தில் மாணவன் ஐந்தாறு வேலைப் பருவங்களை முடித்து வெளியேறுகிறான். வகுப்பில் கற்றதை வேலையில் சோதிக்கிறான். வேலையில் எழுந்த சந்தேகத்தை வகுப்புக்குக் கொண்டுவருகிறான்.

இங்கிலாந்தின் வழக்கம் வேறு. அங்கே லீட்ஸ் முதலிய சர்வகலாசாலைகளில் கட்டட நிர்மாண இஞ்சினீயரிங் பயில்வோர், விரும்பினால் இடையில் ஒரு முழு வருஷத்தைத் தொழிலில் கழிக்கலாம். அவ்வருஷத்துக்கு உள்நாட்டு மாணவனிடம் வாங்கும் சம்பளம், வழக்கமான உச்ச வரம்பில் 20 சதவிகிதத்துக்கு மேற்படலாகாதென்று விதி இருக்கிறது. இது நியாயம். ஆனால் படிப்பின் அங்கமாக ஒரு வருஷத்துக்கு மேற்படாமல் வேலை செய்யும் மாணவனுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாதென்றும் அங்கே விதி இருக்கிறது. நல்ல கம்பெனிகள் ஊதியம் கொடுக்கின்றன. கொடாதவனைச் சட்டம் தடுப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கூலியின்றி ஒரு வருஷம் இருந்து அனுபவம் தேடிக்கொள்வான். ஏழை வீட்டுப் பிள்ளை என் செய்வான்? பிறர் முறையைக் கைக்கொள்ளும்போது அதிலுள்ள ஓட்டையையும் சேர்த்துக் கைக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நமது தேசத்துக்கு வருவோம். கான்ஸாஸ் ஸிட்டி வெகுதூரத்தில் இருக்கிறதென்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அதன் பொறுப்பு யாரைச் சார்ந்ததென்பது வேறு விஷயம். கட்டடத் தொழிலின் தரம் நமது நகரங்களில் உயிர்ப் பிரச்னையாகிவிட்டது என்பதை மட்டும் அச்சம்பவம் யாவருக்கும் உணர்த்திற்று.

இதற்குப் புதிய சட்டம் வேண்டுமென்று சிலர் கருதலாம். நமது அபிப்பிராயத்தில், இருக்கிற சட்டமே பெரும்பாலும் போதும். 1961-ம் வருஷத்துத் தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டு, இஞ்சினீயரிங் பட்டதாரிகளையும் தன்னுள் அடக்கிக் கொண்டது. அதன் சொற்பொருள் விளக்கத்தை ஊன்றிப் படித்தால், பட்டம் பெற்றவரோடு, பட்டம் பெறும்பொருட்டுப் பயின்றுகொண்டிருப்பவரும் அதில் அடங்குவது விளங்கும். முப்பதும் அதற்கு மேலும் ஆட்களை வைத்திருக்கும் ஸ்தாபனம் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பயிற்சியாளரை எடுத்துக் கொள்ளவேண்டுமென்று விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. 2019-ம் வருஷத்து விதிகள் பட்டதாரிப் பயிற்சியாளருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித் தொகையாக நிர்ணயித்தன. மத்திய சர்க்கார் அதில் ஒரு பங்கை ஏற்றுக் கொள்ளும் ஏற்பாடும் உண்டு. வேலையில் காயம் பட்டால் நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பையும் சட்டம் முதலாளிமேல் வைத்திருக்கிறது. கதவு திறந்தேயிருக்கிறது. ஆயினும் நடைமுறையில் பயிற்சி என்பது பட்டம் வாங்கிய பிறகு, உத்தியோகம் கிடைக்கும்வரை காலங் கழிக்கும் திண்ணையாகவே கருதப்பட்டு வருகிறது. படிப்பு முடிந்தபின் எழும் சந்தேகத்தை எந்த ஆசிரியரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது?

இது நம்மால் ஆகாத காரியமுமன்று. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில், படிப்பையும் தொழிலையும் இடையிட்டு நடத்தும் பட்டப் படிப்பு இயந்திர, மின்சாரப் பிரிவுகளில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இயந்திரத்துக்கு உகந்த முறை கட்டடத்துக்கு மட்டும் ஏன் உகாது?

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் இரண்டு. கட்டட வேலைக்கு நிலையான தொழிற்சாலை இல்லை, இன்று ஓரூர் நாளை ஓரூர், மாணவனை எங்கே அனுப்புவதென்பது ஒன்று. அவ்வாறிருப்பதே கற்க வேண்டிய பாடமென்பது நமது பதில். அஸ்திவாரம் தோண்டும் காலத்தில் ஒரு பருவமும், உள்வேலை நடக்கும் காலத்தில் வேறொரு பருவமும் சென்றால், ஒரு கட்டடத்தின் ஆயுளையே அவன் பார்த்தவனாவான். மாணவன் மலிவான கூலியாளாகிவிடுவான் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது அசட்டை செய்யத் தக்கதன்று. செங்கல் எண்ணவும், காகிதத்தைப் பிரதி எடுக்கவும் மாணவனை வைத்துக்கொண்டு, முடிவில் அத்தாட்சிப் பத்திரம் மட்டும் கொடுத்தனுப்பினால் அது பயிற்சியாகாது, ஏமாற்றமே. தகப்பனாரின் சிநேகிதர் கண்ட்ராக்டராயிருந்தால் வேலைத்தலத்தை மிதியாமலே அத்தாட்சி கிடைக்கும் நிலைமை ஏற்பட்டால் அது இன்னும் கேடு.

ஆகவே நாம் கோருவன நான்கு. கட்டட இஞ்சினீயரிங் பட்டத்தினுள்ளேயே இரண்டு வேலைப் பருவங்கள் இருக்க வேண்டும். ஒன்று வரைபட ஆபீஸில், மற்றொன்று வேலைத்தலத்தில். இரண்டுக்கும் ஊதியம் கட்டாயமாக வேண்டும்; வேலைப் பருவத்துக்குக் கல்லூரி முழுச் சம்பளம் வாங்கலாகாது. ஆசிரியர் நேரில் சென்று பார்க்க வேண்டும். மாணவன் எழுதிய நாட்குறிப்பைப் பரீட்சிக்காமல் மதிப்பெண் இடலாகாது. முடிவாக, மராமத்து இலாகாவும் வீட்டு வசதி வாரியமும் தங்கள் வேலைத்தலங்களை முதலில் திறந்துவிட வேண்டும். தனி முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சர்க்கார் தானே வழிகாட்டாதிருப்பது அழகன்று.

சட்டசபையிலும் சர்வகலாசாலைச் செனட்டிலும் இடம் பெற்றிருப்போரும், அவர்களைத் தேர்ந்தெடுத்தனுப்பிய நமது நேயர்களும் கேட்க வேண்டிய கேள்வி சுலபமானது. சென்ற வருஷம் சர்க்கார் கட்டிய கட்டடங்களில் எத்தனை மாணவர்கள் ஊதியம் பெற்றுப் பயின்றார்கள்? இதற்கு இலாகா கொடுக்கும் எண்ணிக்கையைப் பார்த்தால், 2025-ம் வருஷத்து வழிமுறைகள் அமலுக்கு வந்தனவா, அலமாரிக்குப் போயினவா என்பது விளங்கிவிடும்.