ஜொகூர் தமிழர் வரலாற்று ஆவணங்களை மின்மயமாக்கக் கோரும் மனு

பெறுநர்: இயக்குநர், ஜொகூர் பொது நூலகக் கழகம், ஜொகூர் பாரு
நகல்: மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம், மலேசியத் தேசிய நூலகம்

பொருள்: உள்ளூர் வரலாற்று ஆய்வுக்கான மின்தொகுப்பு குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இன்று முதலில் போய் நிற்பது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ் மின்தொகுப்பில்தான். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1887இல் வந்த சிங்கை நேசன், 1935இல் பிறந்த தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய இதழ்களை அங்கே வீட்டிலிருந்தே படிக்கலாம். அதற்கு நன்றியுடையோம். ஆனால் சிங்கப்பூர்-ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கத்து வரலாற்றைக் காக்கும் கடமை நம்முடையது.

அந்தத் தொகுப்பில் குளுவாங் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தால் ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக்கூட்டமும் லாப ஈவும் துரைமார் இடமாற்றமும் வந்து விழும். பால்மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தலைக்கணக்குதான். அவர்கள் பெயரோடு இருப்பது வேறு தாள்களில்: தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருவிழா உபயப் பட்டியல், தோட்டத்துச் சம்பளக் கணக்கு. தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்பாகி, பள்ளியும் இடம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய பதிவேடுதான்.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை இது. மாநிலத்தின் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகளுக்கும் பழைய கோயில்களுக்கும், ஸ்கேனர் ஒன்றோடு பயிற்சி பெற்ற ஊழியர்களை வட்டாரம் வட்டாரமாக அனுப்புங்கள். பதிவேடுகளை அவை இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, அசலை உரியவர்களிடமே விட்டுவிட வேண்டும். அசலைக் கேட்டால் கோயில் நிர்வாகங்கள் தரமாட்டா. தயங்குவதில் நியாயமும் உண்டு. உயிரோடிருப்பவர்களின் விவரமுள்ள பக்கங்களை மட்டும் குறிப்பிட்ட காலம்வரை பூட்டி வைக்கலாம். 1942-43இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு, பதிவேட்டின் ‘தந்தை பெயர்’ கட்டம் ஒன்றே சான்றாக அமையக்கூடும். இலங்கையில் நூலக நிறுவனம் 2005 முதல் தமிழ் ஆவணங்களை மின்மயமாக்கி இலவசமாகத் தருகிறது. தன்னார்வலர்கள் தொடங்கி நடத்திய பணி அது. அரசு நூலகத்துக்கு இது எட்டாத காரியமல்ல.

1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசன் போன்ற இதழ்களில், தேசிய நூலகத்தின் கையிருப்பில் உள்ளவற்றை ஜொகூர் பாருவிலேயே கணினியில் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு செய்தித் துணுக்குக்காக மாணவர்கள் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

தேடுதலில் இன்னொரு சிக்கல். கம்பெனி ஏட்டில் தோட்டத்துக்கு ஒரு பெயர், நம் மக்கள் வாயில் வேறு பெயர். மாநிலத்தின் பெயரையே ஜொகூர், ஜோகூர், ஜொஹூர் என்று மூன்று விதமாக எழுதுகிறோம். எதைத் தட்டினாலும் எல்லாம் சேர்ந்து வரும்படி அட்டவணை அமைய வேண்டும். தோட்டப் பெயர்ப் பட்டியலை எங்கள் சங்கத்து மூத்த உறுப்பினர்கள் ஊதியமின்றித் தயாரித்துத் தருவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

போருக்கு முந்திய ஜொகூர் அரசுக் கோப்புகளில் பல ஜாவி எழுத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கவும் மின்தரவுத்தளங்களில் தேடவும் ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தித் தருமாறும் கேட்கிறோம்.

இவை பற்றி நேரில் பேசத் தேதி ஒதுக்குமாறும், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பதிவேடுகளைப் படமெடுக்கும் பணிக்காவது நிதி ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயலவையினர்