ரங்கூன் பஸ்ஸும் ஃபோர்டு வரிசையும்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பையன் ஒருவன் (எஞ்சினியர்தான்) எனக்குப் பாடம் எடுத்தான். கையால் செய்த கார் பணக்காரனுக்காம், ஃபோர்டு வந்துதான் ஏழைக்குக் கார் கிடைத்ததாம். தம்பி, நீ ரங்கூன் பஸ்ஸில் ஏறியதில்லை.

எங்கப்பா பசுண்டாங் பக்கம் ஒரு பட்டறையில் பஸ்ஸுக்கு பாடி கட்டியவர். 1945-ல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தபோது கொண்டுவந்த கனடா செவர்லே லாரிகள், சண்டை முடிந்ததும் ஊருக்குள் வந்தன. எஞ்சினும் சேஸிஸும் மட்டும் ஃபோர்டு பாணி வரிசையில் ஆயிரக்கணக்கில் செய்தது. மேலே இருந்ததெல்லாம் தேக்கு, தகரம், ஆசாரி கை. அதில் போனவர்கள் கூலிக்காரர்களும் மீன்காரிகளும். 2010 வாக்கில்கூட அந்த வண்டிகள் ஓடின. சொகுசு என்று சொல்ல மாட்டேன், மரப்பலகையில் உட்கார்ந்து இடுப்பு போய்விடும்!

ஃபோர்டு கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். 1913-ல் ஓடும் வரிசை வந்ததும், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை ஒன்றரை மணியானது. சரி. ஆனால் அதே வருடம் சுமார் 14,000 பேரை நிலைநிறுத்த 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஒரே நட்டைத் திருக எவன் நிற்பான்? அப்புறம்தான் 1914-ல் ஐந்து டாலர் கூலி. தருமம் என்று பாடுகிறார்கள்.

அதற்காக நெ வின் ஆட்சியை நான் புகழ்வேன் என்று நினைக்காதீர்கள். எங்களைத் துரத்தியவர்கள். 1964-ல் கப்பலேறும்போது அப்பாவின் உளிப்பெட்டியைச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் கடைசிவரை அதைத்தான் பேசினார், அம்மாவின் வளையலை அல்ல. இறக்குமதியை அடைத்துப் போட்டதால்தான் அங்கே கைத்தொழில் பிழைத்தது. பஞ்சத்தில் வளர்ந்த திறமை. ஆனாலும் திறமைதானே?

ஒன்று பாருங்கள். 1970 டிசம்பரில் ஒரே நாளில் போக்குவரத்தை வலப்பக்கம் மாற்றினார்கள். பிறகு ஜப்பானில் இருந்து வந்த பழைய பஸ்களுக்குக் கதவு இடப்பக்கம். இறங்கினால் நடுரோடு! பட்டறைக்காரர்கள் பல வண்டிகளில் அந்தக் கதவை அடைத்து, வலப்பக்கம் புதுக்கதவு வெட்டினார்கள். எந்தத் தொழிற்சாலையும் ரங்கூனுக்காக அதைச் செய்து அனுப்பவில்லை.

2011 செப்டம்பரில் புதுத்திட்டம். 40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி பெர்மிட். வண்டிக்காரனுக்கு பெர்மிட், வியாபாரிக்கு லாபம், ஊருக்கு ஜப்பான் செகண்ட்ஹேண்ட் கார், அதோடு டிராஃபிக் ஜாம். பழைய வண்டிகள் போகட்டும், நான் அழவில்லை. புகையும் பிரேக்கும் எனக்குத் தெரியும்.

2013-ல் போனேன். அப்பா பட்டறை இருந்த சந்தைத் தேடிப் பிடித்தேன். என் வயசுக்காரர் ஒருவர், தமிழர்தான், இறக்குமதி கார்களுக்கு சீட் கவர் மாட்டிக்கொண்டிருந்தார். முன்பு பாடி கட்டியவராம். பெர்மிட்டில் உங்களுக்கு ஏதாவது வந்ததா அண்ணே என்று கேட்டேன்.

"பெர்மிட்டா? அது வண்டி வச்சிருந்தவனுக்குப்பா" என்றார்.