புத்தகத்தை மூடினால் பாடம் மனதில் நிற்கும்!

‘ராத்திரி முழுக்கப் படிச்சேன்… கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு!’ தேர்வு நேரத்தில் இப்படிக் கண்கலங்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. ‘கவனமே இல்லை’ என்று திட்டுவதற்கு முன், எப்படிப் படித்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். ‘திரும்பத் திரும்ப வாசிச்சேன்’ என்பார்கள்.

சிக்கலே அங்கேதான்!

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு சிறு பகுதிகளைக் கொடுத்து, ஒன்றை இரண்டு முறை வாசிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு முறை வாசித்த பிறகு, நினைவில் இருப்பதைப் பார்க்காமல் எழுத வைத்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை வாசித்ததே அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழ். வாசித்ததில் சுமார் 42 சதவிகிதம், எழுதிப்பார்த்ததில் 56 சதவிகிதம்!

திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே ‘தெரிந்துவிட்டது’ என்று நம்பிவிடுகிறோம். பார்க்காமல் யோசிக்கும்போதுதான் எது தெரியும், எது தெரியாது என்பது புரிகிறது.

வகுப்பறையில் இதை எப்படிச் செய்யலாம்?

* பாடவேளையின் கடைசி 5 நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை எழுதச் சொல்லலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை வேறு நிறப் பேனாவால் சேர்க்கட்டும்.

* வகுப்பு தொடங்கும்போது நேற்றைய பாடத்தில் ஒரு கேள்வி, போன வாரப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்.

* எழுந்து பதில் சொல்லக் கூச்சப்படும் மாணவர், பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் சொல்லட்டும்.

* இதற்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்தால் பயமும் கூடவே வந்துவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இது வரி மாறாமல் ஒப்பிப்பது அல்ல. புரிந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்வது. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் குழந்தைக்கு முதலில் தேவை, அருகில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க ஓர் ஆள். சோதனையெல்லாம் அப்புறம்தான்.

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. இன்று மாலை ‘படிச்சியா?’ என்று கேட்காமல், ‘புத்தகத்தை மூடிட்டு எனக்குப் பாடம் எடு, பார்க்கலாம்’ என்று சொல்லிப்பாருங்கள். நடுவில் தடுமாறினால் திட்ட வேண்டாம். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்தத் தடுமாற்றமே காட்டிவிடும்.