தண்டவாளம் இருக்கிறது, நமக்கான ரயில் எங்கே?

மாதத்தில் இரண்டு தடவை நான் உம்மம்மாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் குடாநாட்டில் எல்லோரும் அங்கேதான் போகவேண்டும். உம்மாவுக்குத் தையல் வேலை, தம்பி சிறியவன். அதனால் கிளினிக் நாட்களில் எனக்குப் பாடசாலை இல்லை. சோனகத் தெருவிலிருந்து பஸ் நிலையம் வரை ஓட்டோ. அங்கிருந்து கே.கே.எஸ். வீதியால் போகும் பஸ்.

அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. வாசிக்கும் தோழிகளுக்கும் பெற்றோருக்கும் அது தெரியும். போன மாதம் உம்மம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இணுவில் வரை நின்றார். மருந்து ஏற்றிய உடம்பு. ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று நடத்துனர் கத்திக்கொண்டே இருந்தார். உள்ளே போக இடம் எங்கே இருந்தது? இணுவில் வந்ததும் ஓர் அக்கா எழும்பி இடம் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும்.

இருக்கை கிடைத்த பிறகு உம்மம்மா யன்னலால் பார்த்துக் கேட்டார், "பிள்ளை, கோச்சிப் பாதை இதுக்குப் பக்கத்தாலதானே போகுது?"

ஆமாம், பக்கத்தால்தான் போகிறது. வீதிக்கு அப்பால், வீடுகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பின்னால், தெல்லிப்பழை வரைக்கும் அதற்கு அப்பாலும் எங்கள் கூடவே வருகிறது. அந்த நேரத்தில் அதில் எதுவும் ஓடவில்லை, அவ்வளவுதான். அவருடைய கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

அதற்குச் சில வாரங்களின் பின் எங்கள் பௌதிகவியல் ஆசிரியை உந்தம் படிப்பித்தபோது ஒரு புதிய நகர ரயில் பாதையை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று விளக்கினார். சென்னை மெற்றோவை உதாரணமாக எடுத்தார். 2009இல் வேலை தொடங்கி, 2013 நவம்பரில் கோயம்பேடு பணிமனையில் முதற் சோதனை ஓட்டம் நடந்தது. மக்கள் ஏறியது 2015 ஜூன் 29ஆம் திகதிதான். அதுவும் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஏறக்குறைய 10 கிலோமீற்றருக்கு மட்டும். இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் என்ன செய்தார்கள் என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி.

முதலில் ரயிலை நடை வேகத்தில் விடுவார்களாம். மேடையின் விளிம்பில் பெட்டி உரசுகிறதா, வளைவில் எங்காவது முட்டுகிறதா என்று பார்ப்பதற்கு. பிறகு படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார்கள். பயணிகளின் நிறைக்குப் பதிலாகப் பெட்டிகளுக்குள் மணல் மூட்டைகளை அடுக்கி, பாரத்தோடு பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். பாரம் கூடினால் உந்தமும் கூடும், வெற்று ரயில் நிற்கும் தூரத்தில் நிறைந்த ரயில் நிற்கும் என்று நம்பிவிட முடியாது. சமிக்ஞை, கதவு, மின்சாரம், தீ விபத்தென்றால் ஆட்களை இறக்கும் ஒத்திகை எல்லாம் தனித்தனியாக. கடைசியில் ஆளே இல்லாமல் முழு நேர அட்டவணைப்படியும் ஓட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகு மெற்றோ ரயில் பாதுகாப்பு ஆணையாளர் வந்து பார்த்து அனுமதி கொடுக்கவேண்டும். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையில் சாரதியே இல்லாத ரயிலைச் சோதித்ததும் இதே பொறுமையோடுதான்.

கேட்கும்போது பொறாமையாக இருந்தது. நம் நாட்டிலும் இப்படி ஒன்று வர இருந்தது. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை இலகு ரயில். 2019இல் யப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று சொல்லி அரசாங்கம் அதைக் கைவிட்டது. மணல் மூட்டை வரைக்கும் அது போகவே இல்லை. கொழும்புக்கே அந்த நிலை என்றால் யாழ்ப்பாணத்துக்கு மெற்றோ கேட்பது சிரிப்புக்கிடமான விஷயம். நான் அதைக் கேட்கவில்லை. நான் கேட்பது ஏற்கனவே கட்டி, சோதித்து, திறந்துவைத்த ஒன்றை.

நம் ரயில் பாதையின் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொழும்பிலிருந்து ரயில் நீண்டு நீண்டு வந்து கடைசியில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை அப்படியல்ல. 1902 மார்ச் 11ஆம் திகதி குடாநாட்டில் முதன்முதலாகத் திறந்த பாதை காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான 21 மைல். கொழும்பிலிருந்து ரயில் வந்தது 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி. அதாவது மூன்று வருடத்துக்கு மேல் இங்கே ஓடியது நம் ஊர்களுக்குள் போய்வரும் ரயில் மட்டும்தான். யாழ்தேவி எல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1956இல் வந்தது. நாம் யாழ்தேவியைக் கொண்டாடுகிறோம். அதற்கு மூத்தது உள்ளூர் ரயில் என்பதை மறந்துவிட்டோம்.

உம்மம்மா மறக்கவில்லை. சின்ன வயதில் தன் வாப்பாவுடன் காங்கேசன்துறைக்குக் கோச்சியில் போய்க் கடல் பார்த்துவிட்டு அசருக்கு வீடு திரும்பியதைச் சொல்வார். 1990 ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்தேவி நின்றது. அதே வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி நம் சமூகம் முழுவதும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. எங்கள் குடும்பம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குப் போனது. நான் பிறந்ததும் புத்தளத்தில்தான்.

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தபோது எனக்கு ஆறு வயது. ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வாப்பாவின் தோளில் இருந்து பார்த்தேன். ரயிலைவிட ஆட்களின் தலைகள்தான் அதிகம் ஞாபகம். 2015 ஜனவரி 2ஆம் திகதி பாதை காங்கேசன்துறையையும் எட்டியது. இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் போட்ட பாதை, மணிக்கு 120 கிலோமீற்றர் வேகம் தாங்கும் என்றார்கள். புதிய நிலையங்கள், புதிய மேடைகள், பெயர்ப் பலகைகள்.

அப்படிப்பட்ட பாதையில் இப்போது ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரல்விட்டு எண்ணலாம். அவற்றில் பெரும்பாலானவை கொழும்பின் நேரத்துக்குத்தான் வருகின்றன, போகின்றன. கொழும்புக்குப் போகிறவருக்கு அது சரி. கிளினிக்குக்கோ, பாடசாலைக்கோ, சுன்னாகம் சந்தைக்கோ போகிறவருக்கு அதனால் பிரயோசனம் மிகக் குறைவு. கொழும்பைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பாணந்துறையிலிருந்தும் றாகமையிலிருந்தும் அலுவலக ரயில்கள் ஓடுகின்றன, சீசன் ரிக்கற் இருக்கிறது. இங்கே கோண்டாவில், இணுவில், மல்லாகம் நிலையங்கள் நாளில் பெரும்பகுதி வெறுமனே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீற்றர்கூட இல்லை. மறுபக்கம் நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம். இரண்டு பெட்டியோ மூன்று பெட்டியோ போதும். இரண்டு பஸ்களை முதுகோடு முதுகாக இணைத்ததுபோன்ற ரயில் பஸ்கூட இலங்கைத் தண்டவாளத்தில் ஓடியிருக்கிறது.

காலையில் பாடசாலைக்கும் கிளினிக்குக்கும் ஒரு தடவை, பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தடவை, மஹ்ரிபுக்கு முன் ஒரு தடவை. மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். இதுவும் ஒரு சோதனை ஓட்டம்தான், மணல் மூட்டைக்குப் பதிலாக உம்மம்மாக்களையும் மாணவிகளையும் ஏற்றிச் செய்வது. எத்தனை பேர் ஏறுகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள், எந்த நேரத்து ரயில் வெறுமையாகப் போகிறது என்று எண்ணிப் பார்த்து அதன் பிறகு முடிவெடுக்கட்டும்.

நட்டம் வரும் என்று வாப்பா சொன்னார். வரலாம். பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய்வந்து ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றுக்கு என்னிடம் இலகுவான பதில் இல்லை. ரயில் கூடினால் கடவைகளில் ஆபத்தும் கூடும் என்றார். உண்மைதான். வடக்கில் கடவைகளில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பதைப் பத்திரிகை வாசிக்கும் யாரும் அறிவர். காப்பாளர் இல்லாத கடவைகள் இருக்கின்றன. காப்பாளர் இருக்கும் இடத்திலும் அவருக்கு ஒழுங்கான சம்பளமோ நிரந்தர நியமனமோ இல்லையென்றால் அந்தப் படலையை நம்பி எப்படிக் கடப்பது? ஆகவே கடவைகளைப் பாதுகாப்பாக்கிய பிறகுதான் முதல் ரயில் ஓடவேண்டும். அதனால் ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை. ஒற்றைப் பாதை என்பதும் ஒரு சிக்கல்தான். எதிரே ரயில் வந்தால் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். ஆனால் இத்தனை குறைவான ரயில்கள் ஓடும் இடத்தில் நேரம் பிரிப்பது முடியாத காரியமல்ல. நம் தெருவிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகவும் ஓட்டோ வேண்டும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளைகளை ரியூசனுக்கும் மேற்படிப்புக்கும் அனுப்புவதில் நீங்கள் தயங்குவது பெரும்பாலும் படிப்பைப் பற்றி அல்ல, பயணத்தைப் பற்றி. என்னோடு சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த ஒருத்தி, விரும்பிய பாடம் தூரத்துப் பாடசாலையில் இருந்ததால் கிட்டத்தில் கிடைத்த பாடத்தைப் படிக்கிறாள். அவளுடைய வாப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். மாலைப் பஸ்ஸில் நானும் நின்றிருக்கிறேன். பெண்களுக்கென ஒரு பெட்டி உள்ள, சொன்ன நேரத்துக்கு வரும் ரயில் இருந்திருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்று அவளே சொன்னாள்.

நானும் வகுப்புத் தோழிகள் நால்வரும் புகையிரதத் திணைக்களப் பொது முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். நேர அட்டவணை ஒன்றும் வரைந்து இணைத்திருக்கிறோம், பிழைகள் இருக்கலாம். கடிதத்தின் பிரதி 13ஆம் வகுப்பு அறையில், கரும்பலகைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. இந்த மாத முடிவு வரை கையொப்பமிடலாம். பெற்றோர் தினத்தன்று வரும் உம்மாமாரும் வாப்பாமாரும் இடலாம். உம்மம்மா முதல் ஆளாக இட்டுவிட்டார். அடுத்த கிளினிக் பதினான்காம் திகதி.