கவிதாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை?

நம் கதைகளில் சொந்தக் காலில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் காதல் கைகூடுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

கே.பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் குடும்பமும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறது. காதலித்தவனோ அவளுடைய விதவைத் தங்கையை மணக்கிறான். பிறகு தனக்கென்று அமைந்த கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடி ஆபீஸுக்குக் கிளம்புகிறாள். 'மனதில் உறுதி வேண்டும்' (1987) நர்ஸ் நந்தினி, விவாகரத்தான கணவனுக்கே சிறுநீரகம் கொடுக்கிறாள். அதன்பின் அவளுக்குச் சேவைதான் வாழ்க்கை. 1972-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், கங்கா நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனாலும் என்றோ ஒரு மழை நாளில் நடந்தது, அவளைக் கடைசிவரை தனியாகவே நிறுத்துகிறது.

மூன்றும் நல்ல படைப்புகள். அந்தக் காலத்தில் வேலைக்குப் போகிறவளை நாயகி ஆக்கியதே பெரிய துணிச்சல். ஆனால், திரும்பத் திரும்பப் பார்த்ததில் 'சம்பளம் வந்தால் சந்தோஷம் போகும்' என்று ஒரு கணக்கு நம் மனதில் பதிந்துவிட்டது. 'ரொம்பப் படிக்க வெச்சா மாப்பிள்ளை கிடைக்காது' என்று வீட்டில் சொல்வதும் அதே கணக்குதான். 'வேலையா, காதலா?' என்று எந்த நாயகனையும் யாரும் கேட்டதில்லை.

இந்த நாயகிகள் எல்லாம் பட்டணத்துப் பெண்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்து பாருங்கள். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கு வேலைக்குப் போகிற டீச்சரும் நர்ஸும் இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிவந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி படிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் காதல் வரும், கல்யாணம் நடக்கும்.

இவர்கள் முன்னால் இருக்கும் கேள்விகளே வேறு. சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் யார் அடுப்பு பற்றவைப்பார்கள்? டிரான்ஸ்ஃபர் வந்தால் யார் ஊர் மாறுவது? அவள் ஏ.டி.எம். கார்டு யார் பையில் இருக்கும்? மலையில் சிக்னல் கிடைக்காமல் போன் அடிக்காத நாளில், 'பஸ் கிடைச்சுதா?' என்று கேட்பானா, 'யாரோட பேசிட்டிருந்தே?' என்று கேட்பானா?

காதல் நிலைப்பதும் உடைவதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான். கிட்னி தானம் அளவுக்குப் பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை. கண்ணீர் குறைவு என்பதாலோ என்னவோ, இதைக் கதையாக்க நம் எழுத்தாளர்கள் தயங்குகிறார்கள். ஆனால், இந்தக் கதையைத்தான் நம் பெண்கள் படிக்க வேண்டும். நம் பையன்கள் அதைவிட முக்கியமாகப் படிக்க வேண்டும்.

அடுத்த தொடர்கதையில் வேலைக்குப் போகும் நாயகி வந்தால், அவளைக் காதலிப்பவனுக்குச் சாதம் வடிக்கத் தெரியுமா என்று பாருங்கள். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்!